ஸ்டார்ட்-ஸ்டாப்பை நிறுத்தினேன், வாரண்டியும் நின்றுவிட்டதா?

மிட்ராண்ட்வாசி

வணக்கம். சென்னையிலிருந்து வந்து ஆறு வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், மிட்ராண்டில் இருக்கிறேன். ஐடி வேலை. கார் விஷயத்தில் அரைகுறை, கம்ப்யூட்டர் விஷயத்தில் கொஞ்சம் கைப்பழக்கம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது.

2024 பிப்ரவரியில் புதிதாக ஒரு ஐரோப்பிய ஹேட்ச்பேக் வாங்கினேன். எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நாளைக்கு வழக்கு கிழக்கு என்று போனால் எதற்கு வம்பு. வாரண்டி 3 வருடம். வண்டி நல்ல வண்டி. ஆனால் அந்த ஸ்டார்ட்-ஸ்டாப் மட்டும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ரோபோவிலும் என்ஜின் அணையும், பச்சை விழுந்ததும் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு எழும். (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர். நானும் முதல் வாரம் "இரண்டாவது ரோபோவில் இடது பக்கம்" என்று வழி சொன்னதைக் கேட்டு முழித்தவன்தான்.) அதை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது, ஆனால் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் பழையபடி ஆன் ஆகிவிடும். தினமும் காலையில் முதல் வேலை அந்தப் பட்டன்தான்.

ஜூலையில் 900 ராண்டுக்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் வண்டியின் எல்லா மாட்யூலும் (கதவு, மீட்டர் என்று ஒவ்வொன்றையும் நடத்தும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள்) வரிசையாகத் தெரிகிறது. பட்டனைக் கடைசியாக எப்படி விட்டோமோ அப்படியே நினைவில் வைக்கும்படி மாற்றினேன். பூட்டும்போது கண்ணாடிகள் மடியும்படி வைத்தேன். வண்டியை எழுப்பும்போது மீட்டர் முள் ஒரு சுற்று ஆடிவிட்டு வரும்படி வைத்தேன், அது சும்மா அழகுக்கு. அப்புறம் சீட் பெல்ட் மணியைக் கொஞ்சம் குறைத்தேன், அணைக்கவில்லை. இவ்வளவுதான். என்ஜின் பக்கம் கை வைக்கவே இல்லை. ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன மாதம் என்1 நெடுஞ்சாலையில் அலண்டேல் ரோடு ஆஃப்-ராம்பில் இறங்கும்போது நடுத் திரை கறுத்துப்போனது. அரை நிமிடத்தில் கம்பெனி சின்னம் வந்து, தானாக ரீஸ்டார்ட் ஆனது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ரிவர்ஸ் கேமராவும் சில நேரம் வருவதில்லை.

டீலரிடம் விட்டேன். இரண்டு நாள் கழித்து சர்வீஸ் அட்வைசர் கூப்பிட்டு, வண்டியில் தொழிற்சாலைக் கோடிங் (எந்த வசதி ஆன், எது ஆஃப் என்று மாட்யூலில் எழுதி வைத்திருப்பது) மாற்றப்பட்டிருக்கிறது, அதனால் "வாரண்டி மொத்தமும் ரத்து" என்கிறார். திரை யூனிட்டைப் புதிதாக மாற்ற 41,000 ராண்ட், கூலி தனி. எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, கண்ணாடி மடிந்ததற்கு மொத்த வாரண்டியும் போகுமா? இரண்டு, எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றிவிட்டு சென்சூரியனில் வேறு டீலரிடம் போனால் தெரியுமா?

பிரிட்டோரியா கிழக்கு

என்னிடம் இருப்பது கொரோலா கிராஸ், டர்பன் பிராஸ்பெக்டன் ஆலையில் செய்தது. டொயோட்டா கையேட்டின் கடைசிப் பகுதியில் பெரிய அட்டவணை ஒன்று இருக்கும், எந்தெந்த அமைப்புகளை மாற்றிக்கொள்ளலாம் என்று. சிலதை நாமே திரையில் மாற்றலாம், சிலதை டீலர்தான் தன் கருவியை வைத்து மாற்ற வேண்டும். கதவு தானாகப் பூட்டுவது, உள்விளக்கு எத்தனை விநாடி எரிவது மாதிரி விஷயங்கள். சர்வீஸுக்கு விட்டபோது இரண்டைச் சொன்னேன், செய்துகொடுத்தார்கள், ஜாப் கார்டிலும் எழுதினார்கள். டாங்கிள் வாங்குவதற்கு முன்னால் கேட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது சொல்லி என்ன பயன், சரி.

பக்கி பிரியன்

மிட்ராண்ட் அண்ணா, கவலையை விடுங்கள். மாக்னுசன்-மாஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்த மாற்றத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதை எழுதி மூஞ்சியில் நீட்டுங்கள், தானாக வழிக்கு வருவார்கள்.

உம்கேனி ரோடு

தம்பி பக்கி, அது அமெரிக்கச் சட்டம், 1975-இல் அங்கே கொண்டுவந்தது. மிட்ராண்டில் அதை நீட்டினால் சிரிப்பார்கள். யூட்யூப் பார்த்து வருகிறவர்கள் வாரம் ஒருவராவது என் கடையில் இதே பெயரைச் சொல்கிறார்கள்.

மிட்ராண்ட் தம்பிக்கு. நான் காந்திபுரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பழகி, 2008-இல் டர்பன் வந்தவன். இப்போது உம்கேனி ரோடு பக்கம் சிறிய கடை. ஸ்கேனர் பிடித்தே பாதி வயது போய்விட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. வேண்டவே வேண்டாம். நீங்கள் செய்ததை இந்த டீலர் ஏற்கெனவே வண்டியின் சேஸி நம்பரோடு சேர்த்து கம்பெனி சிஸ்டத்தில் ஏற்றியிருப்பார். சென்சூரியன் டீலரும் திறக்கப்போவது அதே கோப்பைத்தான். அதுவும் போக, பல வண்டிகளில் கோடிங்கை மாற்றும்போது எந்தக் கருவி, எந்த ஒர்க்‌ஷாப் எண் என்ற தடம் மாட்யூலிலேயே பதிந்துவிடும். பழைய மதிப்பைத் திருப்பி எழுதினால் அந்த எழுதியதும் ஒரு தடம். இன்றைக்கு நீங்கள் ஆசைப்பட்டு நாலு மாற்றம் செய்த ஆள். அழித்துவிட்டுப் போனால் மறைத்த ஆள். அந்தப் பெயர் ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் எந்த வாதமும் எடுபடாது.

மாறாக ஆப்பைத் திறந்து, மாற்றங்களின் வரலாறு இருக்கிறதா பாருங்கள். நல்ல ஆப் என்றால் தேதி, எந்த மாட்யூல், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று வைத்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்களுக்கு சாட்சி அதுதான்.

இப்போது முதல் கேள்வி. கோடிங் வேறு, ரீமேப் வேறு. இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், அங்கேதான் எல்லாக் குழப்பமும். ஒரே மாட்யூலை ஐரோப்பாவுக்கும் போடுகிறார்கள், தென்னாப்பிரிக்காவுக்கும் போடுகிறார்கள். கண்ணாடி மடியும் மென்பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நம் ஊர் மாடலுக்கு அணைத்து அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் சுவிட்சைப் போட்டீர்கள், அவ்வளவே. ரீமேப் என்பது வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து வேறு கம்பி இழுக்கிற மாதிரி வேலை. என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவில் இருக்கும் எரிபொருள், டர்போ அழுத்தக் கணக்கையே மாற்றி எழுதுகிறார்கள். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல், காற்று மெலிது, வண்டி சோம்பலாக இருக்கிறது என்று அங்கே ரீமேப் மோகம் எங்களைவிட அதிகம். அதைச் செய்தவருக்கு டர்போ போனால் வாரண்டி கேட்கவே நான் சொல்ல மாட்டேன். ஈசியு தன்னை எத்தனை தடவை எழுதினார்கள் என்று எண்ணி வைத்திருக்கும், மென்பொருளுக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. கம்பெனி கணக்கோடு அது பொருந்தவில்லை என்றால் முடிந்தது கதை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இதற்கென்றே டிடி1 என்று ஒரு குறி போடுவார்கள். அது விழுந்தால் என்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் வாரண்டி கேட்பது கல்லில் நார் உரிப்பதுதான்.

அதற்காக, கோடிங்கில் ஆபத்தே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சொந்தக் கதை ஒன்று. 2023, ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங் (அட்டவணை போட்டு கரண்டை நிறுத்துவது) ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு வாடிக்கையாளர் பகல் விளக்கை மாற்றச் சொன்னார். கோடிங் செய்யும்போது இக்னிஷன் ஆனிலேயே இருக்கும், பேட்டரி இறங்கும். அதனால் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் தொடங்குவேன். அன்றைக்கு அட்டவணையை மறந்துவிட்டேன். நடுவில் கரண்ட் போனது. அந்தப் பேட்டரி ஏற்கெனவே கிழம், வோல்ட்டேஜ் சரிந்தது, எழுதிக்கொண்டிருந்த மாட்யூல் பாதியில் நின்றது. அப்புறம் அது எழவே இல்லை. வேறு மாட்யூல் வாங்கி, வண்டிக்குப் பொருத்தி, என் கைக்காசில் கொடுத்தேன். அந்த மாதம் வீட்டில் என்னிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதம் கடைக்கு இன்வெர்ட்டர் வந்தது. இப்படி நடந்திருந்தால் டீலர் வாரண்டி இல்லை என்று சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆனால் உங்களுக்கு அப்படி நடக்கவில்லை. நீங்கள் தொட்டது கேட்வே (மாட்யூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி), கதவு மாட்யூல், மீட்டர். திரை வேறு பெட்டி. தொட்ட அன்றைக்கே கெட்டிருந்தால் ஒரு பேச்சு, ஒன்பது மாதம் கழித்து என்றால் அவர்கள்தான் தொடர்பைக் காட்ட வேண்டும். ஸ்கேன் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஒவ்வொரு பழுதுக் குறியீட்டோடும் எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது, அப்போது வோல்ட்டேஜ் எவ்வளவு என்று இருக்கும். இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக இரண்டு கேள்வி. திரை கறுப்பது பள்ளத்தில் இறங்கும்போதா? வண்டியில் டேஷ்கேம், ஆம்ப், டிராக்கர் என்று வேறு ஏதாவது மாட்டினீர்களா?

மிட்ராண்ட்வாசி

அண்ணா, மிக்க நன்றி. அறிக்கை கேட்டதும் முதலில் "அது உள் ஆவணம்" என்றார்கள். மின்னஞ்சல் போட்டேன், மறுநாள் வந்துவிட்டது. ஐந்து குறியீடு. இரண்டு, திரை யூனிட்டோடு தொடர்பு அறுந்தது. மூன்று, மின்சப்ளை வோல்ட்டேஜ் குறைவு. எல்லாமே 17,400 கிலோமீட்டருக்குப் பிறகு. நான் கோடிங் செய்தது 6,200-இல், ஆப்பில் தேதியோடு இருக்கிறது.

பள்ளமா என்று கேட்டீர்களே, எப்படித் தெரிந்தது? எங்கள் காம்ப்ளெக்ஸ் வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் ஏறி இறங்கினால் பத்துக்கு ஐந்து தடவை திரை போகிறது. என் பையன் அதை எண்ணி வைத்திருக்கிறான், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிராக்கர் இருக்கிறது. மார்ச்சில் இன்சூரன்ஸ் மாற்றினேன், டிராக்கர் போட்டால்தான் ஏற்போம் என்றார்கள். ஆபீஸ் பார்க்கிங்கிலேயே ஆள் வந்து முக்கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார். அப்போது வண்டி 16,900 ஓடியிருந்தது. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

உம்கேனி ரோடு

எனக்கும் உறைக்கிறது! வேகத்தடையில் போகிற திரைக்கு மென்பொருள் நோய் இல்லை தம்பி, கம்பி நோய். டேஷ்போர்டுக்குப் பின்னால் டிராக்கருக்கு எங்கே எர்த் கொடுத்தார், எங்கே பாசிட்டிவ் எடுத்தார் என்று பார்க்க வேண்டும். டீலரிடம் அதைத் திறந்து பார்க்கச் சொன்னால் வாரண்டிக் கணக்கில் வராது, நேரத்துக்குக் காசு கேட்பார்கள். ஜோபர்க்கில் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே காட்டுங்கள். ஆனால் எதையும் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் பேத்தி

வணக்கம் எல்லாருக்கும். நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் பிறந்தவள். தமிழ் எழுத்து ஆயாவிடம் தொடங்கி கோவில் மாலை வகுப்பில் முடிந்தது, பிழை இருந்தால் மன்னிக்கவும். வேலை வக்கீல் ஆபீசில், கார் புகார்க் கடிதங்கள் நிறையத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

இங்கே நமக்கு இருப்பது 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011-இல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 56 தரும் உத்தரவாதம் பொருள் கைக்கு வந்து 6 மாதம் வரை. பழுதானால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணம் திரும்பவா என்று தேர்ந்தெடுப்பது நாம். ஆனால் அதே பிரிவில் ஒரு வரி உண்டு. விற்றவர் கையை விட்டுப் போன பிறகு பொருளில் மாற்றம் செய்திருந்தால், அந்த மாற்றத்தின் அளவுக்கு இந்த உத்தரவாதம் செல்லாது. "அளவுக்கு" என்பதுதான் அங்கே முக்கியமான சொல். மொத்தமும் என்று இல்லை.

அண்ணா வாங்கி 6 மாதம் தாண்டிவிட்டது. அதனால் இனி பேச்சு கம்பெனியின் 3 வருட வாரண்டிப் புத்தகத்தோடு. அதை எடுத்து, எதெல்லாம் சேராது என்ற பக்கத்தைப் படியுங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும், அனுமதி இல்லாத மாற்றத்தால் உண்டான பழுது சேராது என்றுதான் எழுதியிருந்தது. மாற்றம் இருந்தாலே எல்லாம் ரத்து என்று இல்லை. உங்கள் புத்தகத்தில் எப்படி என்று பார்த்துவிட்டு, எந்தப் பிரிவின் கீழ் மறுத்தீர்கள் என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். அட, அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேர் குரலை இறக்கிவிடுவார்கள்.

இன்னொன்று. 2021 ஜூலை 1 முதல் வணிகப் போட்டி ஆணையத்தின் வாகனச் சந்தை வழிகாட்டுதல் இருக்கிறது. வாரண்டி காலத்திலேயே வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யலாம், அதற்காக வாரண்டியைப் பறிக்கக் கூடாது. அதனால் எலக்ட்ரீஷியனிடம் காட்ட பயப்பட வேண்டாம். ஆனால் அவர் வேலையால் கெட்டால் அந்தப் பழுதை கம்பெனி ஏற்காது, அதையும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆப்பில் கோடிங் மாற்றுவதற்கு இதை நீட்டிப் பேசாதீர்கள், அது சர்வீஸ், பழுதுபார்ப்பு, பாகங்கள் பற்றியது.

டீலர் மசியவில்லை என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு, அதற்கும் மேலே மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மன் (வாகனப் புகார்களைக் கேட்கும் அமைப்பு). அங்கே போக வக்கீல் தேவையில்லை. என் வேலைக்கே நான் உலை வைக்கிறேன் பாருங்கள்.

பக்கி பிரியன்

அமெரிக்காவை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) போன வருடம் ரீமேப் போட்டிருக்கிறேன். இன்சூரன்ஸிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

உம்கேனி ரோடு

இன்றைக்கே சொல்லு தம்பி. பிரீமியம் ஏறும், ஏறட்டும். வண்டி மோதிய பிறகு அவர்கள் ஆள் ஸ்கேன் போட்டு, பாலிசியில் சொல்லாத மாற்றம் என்று எழுதினால் முழு வண்டிப் பணமும் கேள்விக்குள்ளாகும். வாரண்டி போனால் ஒரு டர்போவோடு போயிற்று.

மிட்ராண்ட்வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கெம்ப்டன் பார்க்கில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், 1,150 ராண்ட் வாங்கினார். டேஷ் கீழ்ப்பலகையைக் கழற்றினதும் சிரித்தார். டிராக்கரின் எர்த் வளையத்தை, திரை யூனிட்டின் எர்த் இருக்கும் அதே போல்ட்டில் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். போல்ட் கைவிரலால் சுற்றும் அளவுக்கு லூஸ். போட்டோ எடுத்தோம். டிராக்கருக்கு வேறு இடத்தில் எர்த் கொடுத்து, பழைய போல்ட்டை இறுக்கினார். அன்றிலிருந்து வேகத்தடையில் பையன் எண்ணுகிறான், இன்னும் பூஜ்யம்தான். 41,000 ராண்ட் யூனிட் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் நெருடுகிறது. டீலர் சொன்ன காரணம் தப்பு, கோடிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கடைசியில் இது வாரண்டிப் பழுதும் இல்லையே. தொழிற்சாலையில் அந்த போல்ட் சரியாகத்தான் இருந்திருக்கும். நானே நீதிபதியாக இருந்தாலும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு எழுத முடியாது. டிராக்கர் நிறுவனத்துக்குப் போட்டோவோடு எழுதினேன், எலக்ட்ரீஷியன் கூலியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.

பேத்தி அக்கா சொன்னபடி டீலருக்கும் எழுதினேன். "வாரண்டி மொத்தமும் ரத்து" என்ற குறிப்பை என் கோப்பிலிருந்து எடுக்கச் சொன்னேன், வாரண்டி முடிய இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்கு கியர்பாக்ஸ் போனால் இதைக் காட்டுவார்கள் அல்லவா. இரண்டு தடவை நினைவூட்டிய பிறகு பதில் வந்தது. குறிப்பை "கோடிங் மாற்றம் உள்ளது, தொடர்புடைய பழுதுகள் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும்" என்று மாற்றிவிட்டார்களாம். இது போதுமா?

சாட்ஸ்வர்த் பேத்தி

போதும். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வாரண்டிப் புத்தகத்துக்குள் வையுங்கள். ஆபீஸ் மெயிலில் வைத்து, வேலை மாறும்போது தொலைக்காதீர்கள்.

உம்கேனி ரோடு

சீட் பெல்ட் மணியை மட்டும் பழைய அளவுக்கு வைத்துவிடு தம்பி. விபத்து என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். கண்ணாடி மடியட்டும், முள் ஆடட்டும். டீலரிடம் மென்பொருள் அப்டேட்டுக்கு விட்டால் நீ போட்டது எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி வரலாம், அப்போது பதறாதே. மறுபடி போடுவதாக இருந்தால் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிவிட்டுப் போடு.

அப்புறம் அந்த போல்ட் போட்டோவை எனக்கு அனுப்பு. கடைச் சுவரில் ஒட்ட வேண்டும்.